முதல் பக்கம் எது என்று தெரியாமல் எழுதிய பதில்

நான் நூலகத்தைப் பெருக்குகிறவள். உத்திரமேரூரில் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். ஏரிக்கரைக்குக் கீழே, பால் சொசைட்டியை ஒட்டி, ஒரே அறையில் நூலகம். காலையில் திறந்து, பெருக்கி, பேப்பர்களை மேசையில் பரப்பி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பேன். படித்தது அஞ்சாவது வரைக்கும். ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் கையை நீட்டிக் காட்டத் தெரியாது. அப்படிப்பட்ட நான் ஏழெட்டு மாதமாக ஜப்பான் கதைகளைப் பற்றி ஊரார் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். எந்தத் தைரியத்தில் எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன், சொல்லும்போதாவது புரிகிறதா என்று.

எல்லாம் இரண்டு அட்டைப்பெட்டிகளில் ஆரம்பித்தது. ஒரகடம் பக்கத்தில் ஜப்பான்காரர்களுடைய கம்பெனிகள் நிறைய. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் கம்பெனி பஸ் போகிறது. அங்கே பெரிய வேலையில் இருந்த ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது, வீட்டிலிருந்த புத்தகங்களை ஏதாவது நூலகத்துக்குக் கொடுத்துவிடும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். டிரைவர் எங்கள் ஊர்க்காரர். பெட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஜப்பான் எழுத்து. மேலிருந்து கீழே மழை பெய்வது போல எழுதியிருந்தது. படக்கதைகள் பாதி, குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் பாதி.

எங்கள் நூலகர் ஆர்வமான மனிதர். தமிழில் வந்த ஜப்பான் கதைகள் ஐந்தாறு ஏற்கெனவே இருந்தன. அவற்றையும் இவற்றையும் ஒரே ரேக்கில் அடுக்கி, ஒரு நீள நோட்டு வாங்கி, நூல் கட்டிப் பேனாவைத் தொங்கவிட்டார். ‘ஜப்பான் கதைகள், பொம்மைப் படங்கள்: வாசகர் கேள்வி, நூலகர் பதில்’ என்று முதல் பக்கத்தில் எழுதினார். டிவியிலும் செல்லிலும் ஜப்பான் பொம்மைப் படங்களைத் தமிழில் பேசவிட்டுக் காட்டுகிறார்களே, அந்த ஆசையில் பிள்ளைகள் கேள்வியாக எழுதித் தள்ளினார்கள். நூலகர் நாலு கேள்விக்குப் பதில் எழுதினார். அதற்குள் இன்னும் இரண்டு ஊர் நூலகங்களையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வர ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஆயாம்மா, கேள்வி சேந்துக்கினே போது. நான் எங்க குந்தி எய்தறது?”

“இருக்கட்டும் சார்.”

“இருக்கட்டும்னா? பதில் எங்கன்னு கேட்டு பசங்க மானத்த வாங்குவானுங்க. நீங்க எய்துங்களேன்.”

நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்த ரேக்க தொடைக்கிற சாக்குல ஒரு புக்கு வுடாம பாக்கறீங்களே, நான் கவனிச்சிக்கினு தான் கீறேன். எனக்கு மட்டும் ஜப்பான் தெரியுமா இன்னா? செல்லுல பாத்து எய்துனேன். நீங்க புக்க பாத்து எய்துங்க. பேரு போட வேணாம்.”

பேர் போட வேண்டாம் என்றது என்னைக் கவிழ்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து வருஷமும் எனக்கு விடை தெரிந்த கேள்விகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஒன்றுக்கும் கை தூக்கியதில்லை. வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மத்தியானம் நூலகம் காலியாக இருக்கும்போது எழுதலாம். நூலகர் எழுதினார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுதினேன். ‘பொம்மைப் படத்தில் ஏன் கண் அவ்வளவு பெரிதாக இருக்கிறது?’ என்று ஒரு பெண் குழந்தை கேட்டிருந்தது. பக்கத்து வீட்டு டிவியில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘அவர்கள் அடிக்கடி அழுகிறார்கள். கண் சிறிதாக இருந்தால் கண்ணீர் நிற்க இடம் இருக்காது’ என்று எழுதினேன். ‘சண்டை நடுவில் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள்?’ என்ற கேள்விக்கு, ‘நம் தெருக்கூத்திலும் அப்படித்தான், அடிப்பதற்கு முன் தான் யார் என்று சொல்ல வேண்டும்’ என்று எழுதினேன். கம்பெனிக்குப் போகிற ஒரு பையன், ‘ஜப்பான் படக்கதைகளில் முதலிலேயே எல்லோரும் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறார்கள், சண்டை பிறகு வருகிறது, கடைசியில் எல்லோரும் நல்லபடியாக நின்று பேசுகிறார்கள். ஏன்?’ என்று கேட்டிருந்தான். அந்தப் புத்தகங்களை நானும் பார்த்திருந்தேன். எனக்கும் அது பெரிய குழப்பம். ஒரு வாரம் யோசித்து, ‘அவர்கள் ஊரில் முடிவை முதலில் சொல்லிவிடும் பழக்கம் போலிருக்கிறது’ என்று எழுதினேன். அவன் அதற்குக் கீழே ‘சூப்பர் பதில் சார்’ என்று எழுதிவிட்டுப் போனான். அதைப் படித்த அன்று பூரா எனக்குத் துடைப்பமே கனக்கவில்லை.

அந்த ரேக்கில் ஒரு சதுரமான படப் புத்தகம் இருந்தது. பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி எழுத்துதான். மீதி எல்லாம் படம். எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

முதல் பக்கத்தில் மலைப்பாதையில் ஒரு பஸ். கடைசி ஜன்னலில் ஒரு பெண், இருபது வயசு இருக்கும். மடியில் துணியில் முடிந்த ஒரு மூட்டை. அடுத்ததில் பஸ் நிற்கிறது, அம்மா குடையோடு நிற்கிறாள். அடுத்ததில் இரண்டு பேரும் பனியில் நடக்கிறார்கள். பிறகு வீடு, அடுப்பு, அம்மா எதையோ கிளறுகிறாள். அங்கே அந்தப் பெண் கொஞ்சம் சின்னவளாக இருக்கிறாள். அடுத்ததில் தக்காளி மாதிரிப் பழம் தொங்கும் ஒரு மரம், அதில் ஏறியிருக்கிற பெண்ணுக்குப் பத்து வயசுதான். பக்கம் திருப்பத் திருப்ப அவள் சின்னவள் ஆகிக்கொண்டே போகிறாள். கடைசிப் பக்கத்தில் கைக்குழந்தையாக அம்மா மடியில் தூங்குகிறாள்.

முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது போல இருந்தது. ஊரிலிருந்து வருகிற மகள் அம்மாவைப் பார்க்கப் பார்க்கக் குழந்தையாகிவிடுகிறாள், அதைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. பனியில் இருந்த காலடித் தடங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தன, அதுவும் இரண்டு ஜோடி. அம்மா எதிர்கொண்டு போனாள், ஒரு ஜோடி அவளுடையது, சரி. இன்னொரு ஜோடி யாருடையது? படம் போட்டவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஆடி கழிந்து நாற்று நடவு மும்முரமாக இருந்த சமயம். ஒரு பெண் சேற்றுக் காலைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே நோட்டில் எழுதிவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்தவள்தான். சபைத் தெருவில் வீடு. கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் லோடு லாரியில் போனவன் விபத்தில் இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. ஒரே மகள். அந்தப் பெண் நர்ஸ் உதவியாளர் படிப்பு முடித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எல்லாம் தயார். பெற்றவள் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு சம்மதப் பாரம் மட்டும் பாக்கி. அவள் போட மாட்டேன் என்று நிற்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் எழுதியிருந்தது இது: ‘ஜப்பான் கதைகளில் ஊரை விட்டுப் போகிற பெண் திரும்பி வருகிறாளா? தயவுசெய்து தெரியப்படுத்தவும்.’

எனக்கு உடனே சதுரப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அன்று மத்தியானமே எழுதினேன்: ‘வருகிறாள். அந்த ரேக்கில் இருக்கும் சதுரப் புத்தகத்தைப் பார்க்கவும். பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். அம்மா குடையோடு நிற்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு சின்னப் பெண்ணாகிறாள். கடைசியில் அம்மா மடியில் தூங்குகிறாள்.’

மறுநாள் அவள் வந்து அதைப் படித்தாள். சதுரப் புத்தகத்தை எடுத்து, நான் பார்த்த மாதிரியே பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ரேக்குக்குப் பின்னால் இருந்தேன். நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரம் மகள் வந்தாள். பாஷை பழகுவதற்காக ஜப்பான் ரேக்கிலிருந்து சதுரப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நான் கீழே உட்கார்ந்து அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்னட்டையைத் திறந்தாள்.

“பாப்பா, அது கடைசிப் பக்கம்” என்றேன்.

“இல்ல ஆயா, இதான் மொத பக்கம். அவுங்க புக்கு இந்தப் பக்கத்துல இருந்து தான் தொடங்கும். நம்மளுக்கு நேர் எதிரு.”

“எல்லாமேவா?”

“மேலருந்து கீய எய்தி இருக்குதே, அதெல்லாம் இப்டி தான். வலது கை பக்கத்துல ஆரம்பிச்சி இந்தாண்ட வரணும்.” அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். குழந்தை பிறந்தது. நடந்தது. மரம் ஏறியது. பெரியவள் ஆனது. அம்மாவோடு பனியில் பஸ்ஸுக்கு நடந்தது. “கடைசில பஸ்ஸு ஏறிப் போயிடறா ஆயா. போய்ட்டு வரேன்னு சொல்றா, அவ்ளோ தான். கதை முடிஞ்சிது.”

என் கையிலிருந்த ஈரத் துணி சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு ஜோடிக் காலடி. இரண்டு பேரும் வீட்டிலிருந்துதான் கிளம்பியிருக்கிறார்கள்.

“உங்க அம்மா கையெழுத்து போட்டுதா?” என்று கேட்டேன்.

“போடறேன்னு சொல்லிச்சி ஆயா! எப்டி மனசு மாறுச்சின்னே தெரியல. அடுத்த வெள்ளிக்கிழம பாரம் குடுக்கணும். வியாயக்கிழம போடறேன்னு சொல்லிக்கீது.”

அவள் போன பிறகு நோட்டை எடுத்து நான் எழுதிய பதில்களை எல்லாம் திரும்பப் படித்தேன். முடிவை முதலில் சொல்லும் பழக்கம் என்று எழுதினேனே, அது தலைகீழ். கண்ணீர் நிற்க இடம் என்று எழுதியது சரியா தப்பா, அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தானே இருக்கும் என்று புத்தி எங்கெங்கோ போனது. எது சரி, எது தப்பு என்று பிரிக்கவே முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அந்தத் தாய்க்கு எழுதியது தப்பு.

சொல்லிவிட்டால் அந்தப் பெண் போக முடியாது. சொல்லாவிட்டால் பொய்யை நம்பி அந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள். நூலகரிடம் கேட்கலாமா என்றால், கேட்பதற்கும் வாய் வேண்டுமே. செவ்வாய்க்கிழமை அவர் வந்தார், நான் குடத்தை இரண்டு தடவை கழுவினேன், அவர் போய்விட்டார்.

அன்று மூன்று மணிக்குத் தாய்க்காரி வந்தாள். தலை வாரி, பூப்போட்ட சேலை கட்டி, கையில் ஒரு பொட்டலம்.

“சாரு இல்லியா பெரிம்மா?”

“இப்ப தான் போனாரு.”

“இத்த அவருகிட்ட குடுத்துடு. பூந்தி. சூடா கீது, கவுத்துப்புடாத.”

“இன்னாத்துக்கும்மா?”

“நான் ஒரு கேள்வி எய்தி இருந்தேன். அதுக்கு பதில் போட்டிருந்தாரு. நான் எம்மா நாளா ஜெபம் பண்ணிக்கினு கீறேன் தெரியுமா, ஆண்டவரே எனக்கு ஒரு அடையாளம் காட்டும்னு. இங்க வந்து பாக்கறேன், பதில் கீது! மடியில தூங்கறான்னு கீது பெரிம்மா. எம் பொண்ணு எம் மடியில தான் தூங்கும், அவுங்க அப்பா போனதுல இருந்து. அத்த இவுரு எப்டி எய்துனாரு?”

பொட்டலத்தின் சூடு என் உள்ளங்கையில் ஏறியது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, நோட்டை இழுத்து, தொங்கிய பேனாவைப் பிடித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதிலுக்குக் கீழே எழுதினேன்: ‘நான் எழுதிய பதில் தப்பு. புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். சரியான பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் வரவில்லை, போகிறாள். முடிவில் பஸ் ஏறுகிறாள்.’

நான் படித்த காலத்தில் றா, லை எல்லாம் பழைய மாதிரிச் சுழித்து எழுதுவார்கள். எனக்கு இன்றும் அதுதான் வரும். அவள் மேலே இருந்த சுழியைப் பார்த்தாள், கீழே மை காயாத சுழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீயா?”

தலையை ஆட்டினேன்.

“சாரு எய்தல?”

இல்லை என்று ஆட்டினேன்.

“இது பூரா நீ எய்துனதா? பெருக்கிக்கினு, தண்ணி புடிச்சிக்கினு, நடுவுல ஜப்பானுக்கும் பதில் எய்திக்கினு கீறியா நீ? அய்யய்யோ. நான் சாட்சி சொல்ட்டேன் பெரிம்மா!”

எனக்கு விளங்கவில்லை.

“ஞாயித்துக்கிழம சபையில. எய்ந்து நின்னு, மைக்க புடிச்சி, ஆண்டவரு எனக்கு நோட்டுல பதில் எய்தி குடுத்தாருன்னு சொல்ட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. சபை ஐயரு கூட தனியா ஜெபம் பண்ணாரு. இப்ப இன்னாத்த சொல்றது? மறுபடி மைக்க புடிச்சி, இல்லீங்க, அது ஆண்டவரு இல்ல, பெருக்கற பெரிம்மான்னு சொல்றதா?”

சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. சதுரப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள். நான் வலது பக்கத்திலிருந்து திறந்து காட்டினேன். மடியில் குழந்தை. மரம். அடுப்பு. பனி. பஸ்.

“அப்புறம்?”

“அவ்ளோ தான். போய்ட்டு வரேன்னு சொல்றாளாம்.”

“அவுங்க அப்பாவும் போய்ட்டு வரேன்னு தான் சொல்ட்டு போனாரு” என்றாள்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். பூந்தி மேசையிலேயே இருந்தது. அதைத் தின்பதா, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதா, நூலகருக்கு வைப்பதா என்று தெரியவில்லை. எறும்பு ஏறாமல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்தின் மேல் பொட்டலத்தை வைத்தேன்.

புதன்கிழமை காலையில் பேப்பர் பரப்பி முடிக்கவில்லை, மகள் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“இன்னா ஆயா, உனக்கு நான் இன்னா பேஜாரு பண்ணேன்?”

கையிலிருந்த பேப்பரை மேசையில் வைத்தேன்.

“நேத்து நீ நோட்டுல எய்துனத சொல்லிச்சி, அதுக்கப்புறம் அம்மா பேசவே இல்ல. நாஷ்டா கூட வெக்காம வேலைக்கு போயிடுச்சி. வெள்ளிக்கிழம குடுக்கலன்னா என் எடம் வேற பொண்ணுக்கு போயிடும். ஒன்ற வருசம் படிச்சேன் ஆயா. பொம்ம புக்கு அது, கொயந்தைங்க புக்கு! அதுல வந்தா இன்னா, போனா இன்னா?”

“தப்பா எய்திட்டேன் பாப்பா. அதான் சொன்னேன்.”

“தெரியாதுன்னு மொதல்லயே எய்தி இருக்கலாம் இல்ல? தெரியாதுன்னு எய்தறதுக்கு இன்னா?”

அவள் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். ஏழெட்டு மாதத்தில் ஒரு கேள்விக்குக்கூடத் தெரியாது என்று நான் எழுதவில்லை. தெரியாதவள் என்று ஊருக்கே தெரிந்த நான், பேர் இல்லாமல் எழுத இடம் கிடைத்ததும், தெரிந்தவளாகவே எழுதியிருக்கிறேன். அது ஏன் என்றும் தெரியவில்லை.

அன்று நடவு முடிந்து ஆட்கள் கரையேறுகிற நேரம். தாய்க்காரி மறுபடி வந்தாள். என்னோடு பேசவில்லை. ரேக்கிலிருந்து சதுரப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் படத்தையே, அதாவது பஸ் படத்தையே, வெகு நேரம் பார்த்தாள். நோட்டில் ஒரு வரி எழுதினாள். போய்விட்டாள்.

‘அந்தப் பெண்ணின் மடியில் இருக்கும் மூட்டையில் அவளுடைய அம்மா என்ன கட்டிக் கொடுத்தாள்?’

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ் படத்தைப் பார்த்தேன். நீலத் துணி. மேலே முடிச்சு. கீழே உருண்டையாகப் புடைத்திருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அது அம்மாவுக்கு வாங்கி வந்த பண்டம் என்று முடிவு கட்டியிருந்தேன். அவள் போகிறாள் என்றால், அது அம்மா கட்டியது. அடுப்பில் கிளறியதாக இருக்கலாம். மரத்துப் பழமாகவும் இருக்கலாம். எத்தனை நேரம் பார்த்தாலும் முடிச்சு அவிழவில்லை.

எழுதினேன்: ‘தெரியாது. மூட்டையைப் பிரித்துக் காட்டவில்லை.’ பிறகு முதல் தடவையாகக் கீழே ‘பெருக்குகிறவள்’ என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் வந்தார்கள். மகள் கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாரம். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. தாய் நேராக நோட்டிடம் போய்ப் படித்தாள்.

“தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“நல்லா பாத்தியா?”

“கண்ணாடி போட்டும் பாத்தேன்.”

அவள் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மூன்று பேரும் குனிந்தோம்.

“உருண்டையா கீதே. சோறா இருக்குமா?”

மகள் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். “அவுங்க சோத்த உருண்ட புடிச்சி எடுத்துக்கினு போவாங்கமா. வெளியூரு போறவங்களுக்கு அதான் கட்டுவாங்க.”

“தொட்டுக்க?”

“உள்ளயே வெச்சிடுவாங்க. மீனு, இல்லாங்காட்டி புளிப்பா ஒரு காயி.”

“வெறும் சோத்துக்குள்ள காயா? அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சது அது, கட்டிக் குடுத்துட்டா.” தாய் படத்திலிருந்த மூட்டை மேல் விரலை வைத்தாள். “எம் பொண்ணுக்கு அது எறங்காதே. புளிக்காய்ச்சலு ஏரோப்ளேன்ல எடுத்துக்கினு போக வுடுவாங்களா?”

மகள் கையிலிருந்த உறையை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாக, “பொட்டியில வெச்சா வுடுவாங்கமா” என்றாள்.

“எண்ண நெறைய ஊத்துனா எத்தினி நாளு தாங்கும்?”

“ரெண்டு மாசம் தாங்கும்.”

“ரெண்டு மாசத்துக்கு அப்புறம்?”

“தெரியாதுமா.”

தாய் என்னைப் பார்த்தாள். “இவளும் உன்ன மாதிரியே தெரியாதுன்றா” என்றாள். திட்டினாளா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நோட்டில் கட்டியிருந்த பேனாவைப் பிடித்தாள். நூல் எட்டவில்லை. பாரத்தையே நோட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, “எங்க போடணும், காட்டு” என்றாள். மகள் காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். எழுதி முடித்து, அது காய்கிற வரைக்கும் ஊதினாள்.

போகும்போது வாசற்படியில் நின்று கேட்டாள். “பூந்தி துன்னியா?”

“இல்ல. சாருக்கு வெச்சிக்கீறேன்.”

“சாருக்கு இன்னாத்துக்கு? எய்துனது நீ. துன்னு.”

“தப்பா தானே எய்துனேன்.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? கெட்டுப் போவும், துன்னு.”

அவர்கள் போன பிறகு தின்றேன். கொஞ்சம் நமுத்திருந்தது.

மறுநாள் நூலகர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வாயால்தான் சொன்னேன், ஆனால் ரேக்கைப் பார்த்துக்கொண்டே. அவருக்கும் புத்தகம் எந்தப் பக்கம் தொடங்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஜப்பான் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ‘இங்கிருந்து தொடங்கவும்’ என்று சீட்டு எழுதி, அம்புக்குறி போட்டு ஒட்டினோம். கம்பெனிப் பையனுக்கு எழுதிய பதிலை அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன். அவன் அதற்குக் கீழே, ‘பழைய பதில்தான் சார் நல்லா இருந்தது’ என்று எழுதிவிட்டான். இதற்கு என்ன செய்வது?

அந்தப் பெண் மார்கழிக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள். சபையில் தாய்க்காரி மறுபடி மைக் பிடித்தாளா, பிடித்தால் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வருகிறாள். மகள் செல்லில் பேசினது, அங்கே குளிர், ஒரு கிழவர் இவள் பேசுகிற ஜப்பானைக் கேட்டுச் சிரிக்கிறார், புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது என்று பேப்பர் படிக்கிறவர்களிடமும் சொல்வாள். பிறகு சதுரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவாள்.

போன வாரம் வந்தபோது பார்த்தேன். அட்டையில் அம்புக்குறி இருக்கிறது, பெரிதாக, சிவப்பு மையில், நான் ஒட்டியதுதான். அவள் அதைப் பார்த்தாள். புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, நம் பக்கத்திலிருந்து திறந்தாள். பஸ், குடை, பனி, அடுப்பு.

சொல்வதா வேண்டாமா என்று கையில் துடைப்பத்தோடு நின்றேன்.

“குட்டியா ஆயிக்கினே வரா பாரேன்” என்றாள்.

“ஆமா” என்றேன்.